பக்கத்தின் அடியில் இரண்டு விரல்

எங்கள் வகுப்பின் இந்த வாட்ஸ்அப் குழுவில் நான் இதுவரை எதுவும் எழுதியதில்லை. யாருக்காவது பிறந்தநாள் வந்தால் ஒரு பூப்படம் போடுவேன், அவ்வளவுதான். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தேன். மூன்றாவது வாங்கில் சுவரோரம் இருந்த பிள்ளை என்றால் உங்களில் சிலருக்கு ஞாபகம் வரலாம். கொப்பிகளுக்குப் பெயர் எழுதித் தந்தவள் என்றால் எல்லாருக்கும் வரும்.

சென்ற மாதம் எங்கள் வகுப்பு மொனிட்டர் லண்டனிலிருந்து ஒரு செய்தி போட்டிருந்தான். இங்கே இலங்கையில் படிப்பை மாற்றப் போகிறார்களாம், இனிமேல் பிள்ளைகள் பாடமாக்கத் தேவையில்லையாம், தாங்களே தேடி, தங்கள் கையால் செய்து பார்த்துப் படிப்பார்களாம் என்று. பேக்கரிக்காரரின் மகன் கனடாவில் விடியும் முன்பே பதில் போட்டான்: "இதைத்தானேடா அந்த மிஸ் அப்பவே செய்தவ." அப்பக்கடை அக்காவின் மகள் கேட்டாள், அந்த மிஸ் ஏன் இடையில் நின்றுவிட்டார் என்று. கலியாணம் கட்டி வெளிநாடு போய்விட்டார் என்று உங்களில் யாரோ எழுதினீர்கள். பத்துப் பேர் கட்டைவிரல் போட்டீர்கள்.

அது பிழை. அவர் கலியாணம் கட்டிப் போகவில்லை. ஒரு கடிதத்தால் போனார். அந்தக் கடிதத்தை எழுதியது நான்.

இதை எழுத எனக்கு மூன்று கிழமை எடுத்தது. கடை விட்டு வந்து, மகளைக் குளிக்க அனுப்பிவிட்டு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொப்பியில் எழுதினேன். போனில் தட்டி எழுத எனக்கு வராது. மகள்தான் தட்டித் தருகிறாள். அவளுக்கும் இப்போதுதான் தெரியும்.

அந்த வருடம் தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியபோது எங்கள் ஐந்தாம் வகுப்புக்குப் புது மிஸ் வந்தார். கொழும்பு முகத்துவாரத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தே வருவார். இருபத்துமூன்று வயது இருந்தால் அதிகம். வெளிறிய பருத்திச் சேலை, ரப்பர் செருப்பு, கையில் ஒரு பிரம்புக் கூடை. அவருடைய அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். வீட்டில் அம்மா படுக்கையில். இதெல்லாம் எங்களுக்கு முதல் கிழமையிலேயே தெரிந்திருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒருவரைப் பற்றித் தெரிய ஒரு கிழமை போதும்.

முதல் நாள் புதுக் கொப்பி திறக்கச் சொன்னார். புதுக் கொப்பியின் நடுவில் கம்பி அடித்த இடத்தில் ஒரு வாசம் இருக்கும், நீங்களும் முகர்ந்திருப்பீர்கள். அதை முகர்ந்துகொண்டு இருந்தபோது, தெரியாதது எதையாவது எழுதச் சொன்னார்.

மொனிட்டர் எழும்பினான். "மிஸ், தெரியாததை எப்பிடி மிஸ் எழுதுறது? தெரியாதே."

"படுக்கேக்க மனசுக்குள்ள ஏதும் வரும்தானே, இது ஏன் இப்பிடி இருக்கெண்டு. அதை எழுதுங்கோ."

"எனக்குப் படுத்தவுடன நித்திரை வந்திடும் மிஸ்."

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். பல்லை மறைக்கக் கையைத் தூக்காமல் சிரித்த முதல் டீச்சர் அவர்தான்.

பிறகு ஒரே ஒரு சட்டம் சொன்னார். எந்தப் பக்கத்தில் எழுதினாலும், அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டு ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்குக் கீழே எழுதக் கூடாது. இன்றைக்குத் தெரிந்தது நாளைக்கு வேறு மாதிரித் தெரிய வரும், அப்போது எழுத இடம் வேண்டும் என்றார். நாங்கள் விரலை வைத்து அளந்து கோடு போட்டோம். மொனிட்டரின் விரல் தடிப்பு, அவனுடைய இடம் பெரிதாக இருந்தது. என்னுடையது மெல்லியதாக இருந்தது.

அந்தக் கொப்பிக்குத் தெரியாத கொப்பி என்று பெயர் வைத்தது நீங்கள்தான். யார் என்று ஞாபகமில்லை.

பேக்கரிக்காரரின் மகன்தான் முதல் கேள்வி கேட்டான். மா ஏன் பொங்குகிறது? வீட்டில் விடிய விடியப் பாண் போடுகிறார்கள், அவனுக்கு அது தெரியாது. மிஸ் எங்களை வரிசையாகப் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாண் சுடும் போறணையின் சூடு வாசலிலேயே முகத்தில் அடித்தது. அவனுடைய அப்பா பெனியனோடு நின்று, "இதில படிக்க என்ன இருக்கு டீச்சர், பொங்காட்டி எனக்குத்தானே நட்டம்" என்று சொன்னாலும், எல்லாருக்கும் ஒவ்வொரு உருண்டை மா தந்தார். அதைக் கையில் வைத்திருந்தபோது உயிருள்ள ஒன்றைப் பிடித்திருப்பது போல இருந்தது.

வகுப்பில் மூன்று ஜாம் போத்தல்கள் வைத்தோம். ஒன்றில் ஈஸ்ட் போட்ட மா. ஒன்றில் வெறும் தண்ணீரில் குழைத்தது. மூன்றாவது அப்பக்கடை அக்காவின் மகளுடைய யோசனை. அவளுடைய அம்மா அப்பத்துக்குக் கள்ளு விட்டுத்தான் புளிக்க வைப்பார். அவள் மருந்துப் போத்தலில் கொஞ்சம் கள்ளுக் கொண்டு வந்தாள். போத்தல்களைச் சுற்றி ரப்பர் பட்டி மாட்டி, பொங்கப் பொங்கப் பட்டியை மேலே தள்ளினோம். கள்ளுப் போத்தல்தான் வென்றது. இடைவேளை முடிந்து வந்தபோது மூடி தெறித்து, மா மேசையில் வழிந்து, வகுப்பறை முழுக்கப் புளித்த வாசம். மிஸ் அதைத் துடைக்கத் துடைக்கச் சிரித்தார். பின்னேரம் வீட்டில் எல்லாரும் சொல்லியிருப்பீர்கள், இன்றைக்கு வகுப்பில் கள்ளுப் பொங்கியது என்று. நானும் சொன்னேன். வீட்டில் நான் கதைப்பது குறைவு. அதனால் அப்பா அதைக் காது கொடுத்துக் கேட்டார்.

என் கொப்பி அப்போதும் வெறுமையாகவே இருந்தது. எல்லாப் பக்கங்களிலும் கோடு மட்டும் போட்டு வைத்திருந்தேன். மிஸ் ஏசவில்லை. போகும்போது ஒரு விரலால் கொப்பியைத் தட்டிவிட்டுப் போவார்.

பன்னிரண்டு மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் ஒரு மணி அடிக்கும், ஞாபகமா? தண்ணீர் குடிக்க விடுவார்கள். நீங்கள் பைப்புக்கு ஓடுவீர்கள். நான் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பேன், கூட்டம் குறையட்டும் என்று. கம்பத்தின் நிழல் சீமெந்து முற்றத்தில் விழுந்து, தண்ணீர் ஓடும் கானின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். பொங்கல் முடிந்து வந்த ஒரு நாள் பார்த்தேன், நிழல் கானைத் தொடவில்லை. விளிம்புக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்.

அன்று என் கொப்பியில் எழுதினேன்: கொடிக்கம்பத்தின் நிழல் ஏன் கானை விட்டு விட்டது?

மிஸ் வாசித்தார். என் கையைப் பிடித்து வெயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார். நிழலின் தலைமாட்டில் சேலையை ஒதுக்கிக் குந்தியிருந்து, நான் சொன்ன இடத்தையும் நிழலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாது," என்றார். "பாப்பமா?"

பெரியவர்கள் யாரும் அதுவரை என்னிடம் தெரியாது என்று சொன்னதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியாமல் கண்ணும் கலங்கியது.

வெண்கட்டிக் கோடு அழிந்துபோகும் என்று பேக்கரிக்காரரின் மகன் போறணைக் கரி கொண்டு வந்து தந்தான். ஒவ்வொரு நாளும் அந்த மணி அடித்ததும் நிழலின் நுனியில் கரியால் ஒரு கோடு போடுவேன். கம்பத்தின் அடியிலிருந்து சாணும் விரலும் வைத்து அளப்பேன். முதலில் ஒரு நாளைக்கு ஒரு விரல் அளவு குறைந்தது. மாசி போகப் போக ஒரு நாளைக்கு இரண்டு விரல். மிஸ் விறாந்தையில் நின்று, "எவ்வளவு?" என்று கேட்பார். நான் அங்கிருந்தே சொல்ல வேண்டும். "பத்துச் சாண் மூண்டு விரல்." "ஏழு சாண்." பள்ளிக்கூடத்தில் நான் அவ்வளவு சத்தமாகக் கதைத்தது அதுதான். என் குரல் முற்றத்தைத் தாண்டிப் போகும் என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

கொப்பி நிறைந்தது. கடைசியாக நான் எழுதிய பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: இப்படியே போனால் ஒரு நாள் நிழல் முழுதாக இல்லாமல் போகுமா? அதன் அடியில் கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் வெறுமை.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மன். காலை எட்டரையிலிருந்து இரவு கடை பூட்டும்வரை நிற்க வேண்டும். முதலாளி இருக்கக் கதிரை போட விடமாட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா பேசினில் சுடுதண்ணீரும் உப்பும் கலந்து வைப்பார், அப்பா அதில் காலை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். அவருக்கு என்னைப் பற்றி ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. நான் கதிரையில் இருந்து செய்யும் வேலை ஒன்று செய்ய வேண்டும். அதற்கு வழி ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனை. ஆவணியில் சோதனை. அதில் பாஸ் பண்ணினால் பெரிய பள்ளிக்கூடம், பிறகு அரசாங்கக் கந்தோரில் வேலை, கந்தோரில் ஒரு கதிரை. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் பழைய வினாத்தாள் பத்துச் செய்து முடித்துவிட்டார்கள். நாங்கள் மா பொங்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அப்பாவின் பயம் பொய்ப் பயம் இல்லை. இன்றைக்கு எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அதனால் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் முன் அறையில் கூட்டம் கூடியது. உங்களில் பலருடைய அப்பா அம்மாமார் வந்திருந்தார்கள். மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. அம்மா பிளேன் ரீயும் பிஸ்கட்டும் வைத்தார். மொனிட்டரின் அப்பா நடுவில் இருந்தார். அவர் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இலிகிதர், கடிதம் எப்படி எழுதினால் அசையும் என்று தெரிந்தவர். கல்விக் கந்தோருக்கு ஒரு பெட்டிஷன் போடுவோம் என்றார். எல்லாருக்கும் சம்மதம். யார் எழுதுவது என்பதில்தான் நின்றது.

இலிகிதர் தான் எழுத ஏலாது என்றார். "நான் கவர்மென்ட் சேர்வன்ட். என்ர எழுத்து எல்லாக் கந்தோரிலயும் தெரியும். ஒப்பம் கூட்டத்தோட கூட்டமாப் போயிடும், எழுத்துத்தான் ஆளைக் காட்டிக் குடுக்கும்." ஒப்பமும் அவர் வைக்கவில்லை, மனைவியை வைக்கச் சொன்னார். பேக்கரிக்காரருக்குத் தமிழ் வாசிக்கத்தான் தெரியும். இன்னொருவர் அதிபருக்குத் தூரத்துச் சொந்தம். அப்பாவின் எழுத்து, பாவம், கோழி கிளறியது மாதிரி.

அப்போதுதான் அப்பா சொன்னார், "எங்கட மகள் எழுதுவா. அச்சடிச்ச மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளையின்ர எழுத்தை ஆருக்குத் தெரியப் போகுது?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நல்ல யோசனை என்று பட்டுவிட்டது. என் எழுத்தைத் தினமும் பார்க்கிற ஒரு ஆள் இருக்கிறார் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா மட்டும் குசினி வாசலில் நின்று, "பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கிறது சரியோ?" என்று கேட்டார். "டிக்டேஷன்தானே," என்றார் இலிகிதர். "அவவுக்கும் ஒரு பயிற்சி."

கோடு போட்ட பெரிய தாள் வைத்தார்கள். இலிகிதர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மேற்படி ஆசிரியை பாடத்திட்டத்தைப் பின்பற்றுவதில்லை. மேற்படி ஆசிரியை பிள்ளைகளைத் தெருக்களில் அலைய விடுகிறார். மேற்படி ஆசிரியை கேள்வி கேட்டால் தனக்கும் தெரியாது என்கிறார். மேற்படி ஆசிரியை வகுப்பறைக்குள் கள்ளைக் கொண்டுவந்து பிள்ளைகளைப் பழக்குகிறார்.

அந்த இடத்தில் என் பேனை நின்றது.

"ஏன் பிள்ளை, எழுதும்," என்றார் இலிகிதர்.

கள்ளு மாவுக்குத்தான் விட்டது என்று சொல்ல வேண்டும். மூன்று சொல். பள்ளிக்கூட முற்றத்தில் ஏழு சாண் என்று கத்திய அதே வாயால் சொல்ல வேண்டும். அறை முழுக்கப் பெரிய ஆட்கள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவு பெருமையாக. "மகள் களைச்சிட்டா," என்று சொல்லி என் முதுகைத் தடவினார்.

எழுதினேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நான் அதை அழகாக எழுதினேன். வேண்டாவெறுப்பாகக் கிறுக்கியிருக்கலாம். மை கொட்டியிருக்கலாம். ஒவ்வொரு சுழியையும் சுழித்து, ஒவ்வொரு வரியையும் நேராக, ஒரு வெட்டும் இல்லாமல் எழுதினேன். எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்து நல்லாயிருக்கு என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

எழுதி முடித்ததும் கை தன் பாட்டில் கோடு போடும் அடிமட்டத்தை எடுத்தது. பக்கத்தின் அடியில் இரண்டு விரல் வைத்து அளந்தேன். கோடு போட்டேன். போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது.

"பாருங்கோ," என்றார் இலிகிதர், "ஒப்பம் வைக்க இடமும் விட்டிருக்கிறா. கெட்டிக்காரி."

அந்த இரண்டு விரல் இடத்துக்குள் எல்லாரும் ஒப்பம் வைத்தார்கள். முதலில் அப்பா. பிறகு பேக்கரிக்காரர், விரல் நகத்தில் மா காய்ந்திருந்தது. அப்பக்கடை அக்கா பெருவிரல் வைத்தார், மை தொட்டுக் கொடுத்தது நான்தான். அவருக்குக் கடிதத்தில் கள்ளு இருப்பது தெரியாது, யாரும் வாசித்துக் காட்டவில்லை. இடம் போதாமல் ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி வைத்தார்கள். கடைசியில் வெள்ளையாக ஒரு புள்ளி கூட மிச்சமிருக்கவில்லை. உங்கள் அப்பா அம்மாமார் பெயரும் அதில் இருக்கிறது. குற்றம் சொல்ல எழுதவில்லை. பலர் இப்போது உயிரோடும் இல்லை.

அத்தாட்சிக்கு ஒரு கொப்பியும் வேண்டும் என்றார் இலிகிதர். வாசிக்கக்கூடிய எழுத்தில் இருந்தது என்னுடையதுதான். அப்பா என் பையைத் திறந்து தெரியாத கொப்பியை எடுத்துக் கொடுத்தார்.

கொப்பி எங்கே, தொலைந்துபோய்விட்டதா என்று மிஸ் கேட்டபோது தலையாட்டினேன். பரவாயில்லை, கரிக்கோடு முற்றத்தில் இருக்கிறதே என்றார்.

பங்குனி நடுவில் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அதிபரின் அறையில் விசாரணை. கொப்பிக்குச் சொந்தக்காரி என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனபோது மேசையில் என் கொப்பி திறந்து கிடந்தது. பக்கத்தில் பெட்டிஷன். இரண்டிலும் ஒரே எழுத்து. இரண்டிலும் அடியில் ஒரே கோடு.

மிஸ் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். முதலில் தாளைப் பார்த்தார். பிறகு கொப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருடம் எனக்கு இது ஞாபகம் இருந்திருக்காது. பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை விழுந்தால் எப்படிப் பார்ப்போம், அப்படித்தான் பார்த்தார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார். "இந்தத் தவணை என்ன படிச்சீங்கள் மகள்? ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்."

எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நிழல் தை மாதம் பதினைந்து சாண் இருந்தது. முதலில் ஒரு விரலாகக் குறைந்தது, பிறகு இரண்டு விரலாகக் குறைந்தது. கிழக்கிலிருந்து மேற்குக்கு வெயில் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் அது வடக்குப் பக்கமும் நகர்கிறது என்று நான் என் கையால் அளந்திருந்தேன். அதில் ஒரு சொல் வெளியே வந்திருந்தால் போதும். மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டுக்குள் ஒரு சிவப்புப் பூ இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கொஞ்சம் நேரம் குடுத்தீங்கள் எண்டா சொல்லுவா சேர்," என்றார் மிஸ்.

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்தார். பிறகு ஏதோ எழுதினார். வகுப்பிலேயே நல்ல கொப்பி வைத்திருக்கிற பிள்ளைக்கு ஒரு பதில் வரவில்லை. வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

பெட்டிஷன் யார் எழுதியது என்று அவர் கேட்கவும் செய்தார். அதிபர் தெரியாது என்றார். மிஸ்ஸைப் பார்த்தார்கள். மிஸ்ஸும், "தெரியாது சேர்," என்றார். அவர் சொன்ன எத்தனையோ தெரியாதுகளில் அது ஒன்றுதான் பொய்.

போகும்போது, பிள்ளையின் கொப்பியைத் திருப்பிக் கொடுக்க ஏலுமா என்று மட்டும் கேட்டார். அது ஃபைலோடு போக வேண்டியது என்றார் அதிகாரி. இப்போதும் ஏதோ ஒரு கந்தோரின் றாக்கையில் அது கிடக்கும். இல்லாவிட்டால் கறையான் தின்றிருக்கும்.

விறாந்தையில் நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். மிஸ் வெளியே வந்து எனக்கு முன்னால் குந்தினார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இண்டைக்கு எவ்வளவில நிக்குது?" என்று கேட்டார்.

மூன்று விரலைக் காட்டினேன்.

"மூண்டு சாணா? அப்ப இன்னும் ரெண்டு கிழமைதான். இல்லாமப் போகுதோ எண்டு பாத்து எனக்குச் சொல்ல வேணும், சரியா?"

தலையாட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை மிஸ் வரவில்லை. உங்களுக்கு அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் இருக்கும். வேறு டீச்சர் வந்து, தெரியாத கொப்பியை எல்லாம் மேசையில் அடுக்கச் சொன்னார். கட்டுக்கட்டாக வினாத்தாள் தந்தார்.

சித்திரை லீவுக்கு முந்திய கிழமை. அந்த மணி அடித்தது. புது டீச்சர் தண்ணீர் குடிக்க விடவில்லை, விடைகள் சொல்லிக்கொண்டு இருந்தார், நாங்கள் எழுதிக்கொண்டு இருந்தோம். நான் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வெள்ளை வெயில். கொடிக்கம்பம் நின்றது. அதன் நிழல் இல்லை. எந்தப் பக்கமும் இல்லை. முற்றத்தில் நான் போட்ட கரிக்கோடுகள் மட்டும் ஏணிப்படி மாதிரிக் கம்பத்தை நோக்கிப் போய், அடியில் முடிந்திருந்தன. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. நான் பார்த்ததை யாரிடம் சொல்ல?

"ஜன்னலுக்குள்ள என்ன விடை கிடக்கு?" என்று டீச்சர் கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். குனிந்து எழுதினேன்.

சோதனையில் நான் பாஸ் பண்ணவில்லை. வினாத்தாள்கள் எல்லாம் செய்தும் சில புள்ளிகளால் போனது. ஒரு தவணை வீணாகிவிட்டது, அந்த முகத்துவாரத்துப் பெட்டையால் வந்தது என்று அப்பா பல வருடம் சொன்னார். சாகும் வரைக்கும் அப்படித்தான் நம்பினார். நான் திருத்தவில்லை. அவருடைய கால் வீக்கத்தைப் பார்த்தால் எதையும் சொல்ல மனம் வராது. ஓ எல் சோதனையோடு படிப்பு நின்றது. இப்போது வெள்ளவத்தையில் காலி வீதிச் சேலைக்கடை ஒன்றில் வேலை. நின்றுகொண்டு செய்யும் வேலைதான்.

இந்த வருடத் தொடக்கத்தில் மகளுக்கு ரியூஷன் தேடினேன். பிந்திக் கலியாணம், பிந்திப் பிறந்த பிள்ளை, அவளுக்கு இப்போதுதான் ஐந்தாம் வகுப்பு. பாமன்கடைப் பகுதியில் ஒரு வகுப்பு இருக்கிறது, அங்கே விட்டால் கட்டாயம் பாஸ் என்று கடையில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வீட்டின் கராஜில் தகரக் கூரை, நூறு பிள்ளைகள், நெருக்கி நெருக்கி வாங்குகள். முன்னால் வெள்ளைத் தலையோடு ஒரு அம்மா, வாய்க்கு முன்னால் மைக் மாட்டிக்கொண்டு விடைகளைச் சொல்லிக்கொண்டு இருந்தார். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதினார்கள்.

"தாளை வீணாக்காதீங்கோ. கடைசி வரி மட்டும் எழுதுங்கோ."

மைக்கில் வந்த குரலை எனக்குத் தெரியவில்லை. இடைவேளையில் மைக்கைக் கழற்றிவிட்டு ஒரு பிள்ளையின் கொப்பியை விரலால் தட்டினார். அப்போது தெரிந்தது.

பக்கத்தில் காத்திருந்த ஒரு தாய் நான் கேட்காமலே சொன்னார், டீச்சர் முந்தி அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் இருந்தவவாம், யாரோ பெட்டிஷன் போட்டு எங்கேயோ தூரத்துக்கு மாற்றம் கொடுத்தார்களாம், படுக்கையில் கிடந்த அம்மாவை விட்டுவிட்டுப் போக ஏலாமல் வேலையை விட்டவவாம். "கலியாணமும் கட்டேல்ல. ஆனா பாருங்கோ, வருசா வருசம் எத்தனை பிள்ளையள் பாஸ்."

சேர்க்கைப் படிவம் தந்தார்கள். நான் சுவரோரம் போய் முழங்காலில் வைத்து நிரப்பினேன். பிள்ளையின் பெயர், பள்ளிக்கூடம், விலாசம். எழுத்து மாறவில்லை. மாற்ற எனக்குத் தெரியாது. கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவர் அதை வாசித்தார். ஒரு படிவம் வாசிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. நான் நின்றேன். சொல்ல வேண்டியது எல்லாம் எனக்குள் வரிசையாக நின்றது. மிஸ், அது நான்தான். மிஸ், சித்திரை லீவுக்கு முதல் கிழமை, அந்த மணிக்கு, நிழல் முழுதாக இல்லாமல் போனது. மிஸ், பார்த்துச் சொல்லச் சொன்னீர்கள்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்னை அடையாளம் கண்டாரோ, தெரியாது. படிவத்தை என் பக்கம் திருப்பி, அடியில் வெறுமையாகக் கிடந்த இடத்தில் விரலை வைத்தார்.

"கீழ இடம் விட்டிருக்கிறீங்கள்," என்றார்.

பேனை என் கையில்தான் இருந்தது. இரண்டு விரல் அகலம் இருக்கும். எழுதப் போதுமான இடம். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற தாய்மார் மெல்ல நெருக்கினார்கள்.

"பெற்றோர் ஒப்பம்," என்றார் மிஸ், இன்னும் மெதுவாக.

நான் ஒப்பம் வைத்தேன்.